அண்ணியின் வலது கால்

எங்கள் அண்ணிக்குக் கோபமே வராது. எனக்கு அது மூக்கு நுனியில் நிற்கும். அதனால்தான் தொழில் ஆரம்பித்தபோது அவள் வண்டிக்குள் உட்கார்ந்தாள், என்னை ஆபீஸில் உட்கார வைத்தாள். "நீ சொல்லிக் கொடுத்தா வர்றவ ரெண்டாம் நாளே ஓடிடுவா மேனேஜர்" என்பாள். என் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளுக்கு மேனேஜர் பட்டம்! வேலை என்னவோ போன் எடுப்பதும் படிவம் நிரப்புவதும்தான். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏன் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று பின்னால் நீங்கள் கேட்பீர்கள்.

பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி அது. மாடியில் வீடு, கீழே இரண்டு அறையில் ஆபீஸ். அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் கார் விற்கும் கடையில் வரவேற்பில் நின்றவள். நாள் முழுக்கக் கார்களுக்கு நடுவில் நின்றாலும் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போன இடத்தில் ஒரு மகராசன், கியர் தப்பாக விழும்போதெல்லாம் மர ஸ்கேலால் அவள் விரல் முட்டியில் தட்டினானாம். "உனக்கெல்லாம் எதுக்கும்மா கார்? வீட்ல மிக்ஸி ஓட்டு, போதும்" என்பானாம். பதினேழு நாள் தட்டும் வாங்கி, லைசன்ஸும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், ஒரு நாள் நானும் இதே தொழிலை நடத்துவேன், என் வண்டியில் எவளும் ஒரு சொல் வாங்க மாட்டாள் என்று. எங்கள் அண்ணனிடம் சொன்னபோது "உன் இஷ்டம்" என்றான். அவன் அப்படித்தான். உதவியும் செய்ய மாட்டான், உபத்திரவமும் செய்ய மாட்டான்.

பழகுகிற காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறவர் காலடியில் இன்னொன்று. ஓட்டுகிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதித்து நிறுத்திவிடலாம். மற்ற பள்ளிகளில் அப்படி மிதித்துவிட்டு அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். அண்ணி திட்டவில்லை. மிதித்ததையும் சொல்லவில்லை. அதுதான் அவளுடைய வித்தை.

நாய் ஒன்று குறுக்கே ஓடும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கால் எங்கே இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. வண்டி மட்டும் அலுங்காமல் குலுங்காமல் நிற்கும். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் அண்ணி சிரித்துக்கொண்டிருப்பாள்.

"பாத்தியா? நீயே நிறுத்திட்ட!"

"நானா மேடம்?"

"பின்ன என்ன, பேயா வந்து நிறுத்துச்சு?"

அவ்வளவுதான். மறுநாள் அவள் வந்து இறங்கும் தோரணையே வேறாக இருக்கும். நான்கு மாதத்தில் ஒரு வண்டி போதவில்லை. மூன்றாவது வருஷம் மூன்று வண்டி, சொல்லிக் கொடுக்க இன்னும் இரண்டு பெண்கள். திட்டாத பள்ளி என்று ஊரே பேசியது.

எனக்கு விஷயம் தெரிந்தது இரண்டாவது வருஷம். சர்வீசுக்கு விட்ட வண்டியை எடுக்கப் போயிருந்தேன். மெக்கானிக் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னார்.

"தங்கச்சி, ஓட்டுறவங்க பக்கம் பிரேக் ரப்பர் இன்னும் புதுசாவே இருக்கு. உங்க அண்ணி பக்கம் மொழுமொழுன்னு தேஞ்சு போச்சு. நெசமாச் சொல்லு, இந்த வண்டியை ஓட்டுறது யாரு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சண்டைக்கு நின்றேன். அவள் நிதானமாகத் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், "நீ போன் எடுக்க ஆரம்பிச்ச முதல் வாரம் எத்தனை தப்பு பண்ணின? நான் சொன்னேனா? ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் நானே சரி பண்ணி வெச்சேன். இப்ப நீ தப்பே பண்றதில்ல. முதல்ல தைரியம் வரட்டும்டி. கால் தானா பின்னாடி வரும்."

 அன்றைக்கு மூடிய வாய்தான். நிறையப் பேருக்கு அவள் சொன்னபடியே கால் வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. இன்றைக்கும் தெருவில் ஹார்ன் அடித்துக் கை காட்டிவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

வராதவள் ஒருத்தி. லாண்டரி அக்கா.

நாற்பது வயதிருக்கும். குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துவிட்டால்தான் கால் எட்டும். ஒரு மெஷினோடு லாண்டரி ஆரம்பித்து, மூன்று ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற அளவுக்கு ஒண்டியாக வளர்ந்தவள். வேனுக்கு டிரைவர் வைத்தால் நின்றபாடில்லை. ஒருத்தன் திங்கட்கிழமை வர மாட்டான், ஒருத்தன் எந்தக் கிழமையும் வர மாட்டான். காலை ஆறு மணிக்கு விரிப்புகள் ஓட்டலுக்குப் போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். "எவன் தயவும் வேணாம், நானே ஓட்டுறேன்" என்று வந்து சேர்ந்தாள். வந்து உட்கார்ந்தாலே சோப்புப் பொடி வாசனை ஆபீஸ் முழுக்க அடிக்கும். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

நேராக ஓட்டுவாள், திருப்புவாள், சிக்னலில் அழகாக நிறுத்துவாள். திடீரென்று ஏதாவது குறுக்கே வந்தால் மட்டும் கால் மரத்துவிடும். ஒவ்வொரு தடவையும் அண்ணி மிதித்தாள். ஒவ்வொரு தடவையும் "நீயே நிறுத்திட்ட" என்றாள். லைசன்ஸுக்கான சோதனை அன்று அதிகாரி பின் சீட்டில், அண்ணி பக்கத்து சீட்டில். அன்றைக்கும் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அன்றைக்கும் வண்டி அழகாக நின்றது.

அடுத்த வாரமே தொழில் செய்யும் பெண்கள் சங்கத்தில் அண்ணியைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் லாண்டரி அக்காவைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நடுங்கிக்கிட்டு வந்தவங்க இவங்க. இன்னிக்கு இவங்களை நிறுத்த யாராலயும் முடியாது!" என்றாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. யாரோ அதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்கள். படத்தில் அண்ணி பேசுகிறாள். பக்கத்தில் அந்தக் குள்ளமான உருவம், எல்லாரும் தட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டுகிறது.

பத்தொன்பது நாள் கழித்து, காலை ஐந்தே முக்காலுக்கு, கிடங்கிலிருந்து ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. வேன் நேராகப் போய் அதில் மோதியது. நான் போய்ச் சேரும்போது அவளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரோடு முழுக்க வெள்ளை விரிப்புகள். இஸ்திரி போட்டு மடித்தவை, சில மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தன. வேனில் பிரேக் பழுதா என்று அண்ணி போலீஸ்காரரிடம் கேட்டாள். எப்படிக் கேட்டாள் தெரியுமா? பழுது என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவது போலக் கேட்டாள்.

"பிரேக் எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ரோட்டைப் பாருங்க, டயர் தேஞ்ச கோடே இல்ல. அந்தம்மா பிரேக்கைத் தொடவே இல்ல."

பக்கத்தில் யாரும் கால் வைக்கப் போவதில்லை என்பது அந்தக் கடைசி நொடியில் அவளுக்குத் தெரிந்ததா? 

அன்றிலிருந்து அண்ணியின் வலது கால் அவளுடையதாக இல்லை. பஸ்ஸில் போனால் தரையை மிதிக்கும். சாப்பிட உட்கார்ந்தால் மேஜைக்கடியில் மிதிக்கும். டி.வி.யில் யாராவது ஓடினால் மிதிக்கும். அண்ணன் ஒரு நாள் "காலை ஆட்டாதே" என்றான். அவள் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து அமுக்கிக்கொண்டாள், அப்போதும் பாதம் மட்டும் மிதித்தது. வீட்டிலிருந்த வெள்ளை விரிப்புகளையெல்லாம் கட்டிப் பரணில் போட்டாள். லாண்டரி அக்கா பழகிய வண்டியின் சீட்டை யாரும் பின்னால் தள்ளக் கூடாதென்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை துடைக்கப் போன நான் சத்தியமாகச் சொல்கிறேன், மூடிய வண்டிக்குள் சோப்புப் பொடி வாசனை அடித்தது. கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்துவிட்டேன். கேட்டால் பிரமை என்பீர்கள். பிரமையாகவே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்த வீடியோ. அது சாகவில்லை. எங்கெங்கோ சுற்றிவிட்டு, காலை வணக்கத்தோடு, பூப்படத்தோடு, அண்ணியின் போனுக்கே திரும்பத் திரும்ப வந்தது. 'பெண்ணே, உன்னை நிறுத்த யாராலும் முடியாது' என்று மேலே எழுதி ஒட்டியிருந்தான் ஒரு புண்ணியவான். அனுப்பியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணி ஒவ்வொரு தடவையும் கடைசி வரை பார்ப்பாள். நான் போனைப் பிடுங்கி அழிப்பேன். மறுநாள் இன்னொருத்தி அனுப்புவாள்.

சொல்லிக் கொடுத்த இரண்டு பெண்களும் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். நான்கு மாதம் பள்ளி மூடிக் கிடந்தது. நான் மட்டும் பழக்க தோஷத்தில் தினமும் காலையில் ஆபீஸைத் திறந்து பெருக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு காலையில் வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தேன். ஒரு கணம் எனக்கு உயிரே இல்லை. அதே உயரம், அதே வாசனை.

"லாண்டரி அக்காவோட தங்கச்சி நான்" என்றாள் வந்தவள். "வெளியூர்ல இருந்தேன், கடையை இப்ப நான்தான் வந்து பாக்குறேன். வண்டி பழகணும்."

"ஸ்கூல் மூடியாச்சும்மா. வேற எங்கயாவது பாருங்க."

"இல்ல. எனக்கு இங்கதான் வேணும். எங்க அக்காவுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்களோ, அப்படியே."

மாடிப்படியில் நின்று அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலையில வாங்க" என்றாள்.

அவள் போனதும் நான் எரிந்து விழுந்தேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா அண்ணி?"

"அவ கேட்டா உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"சொன்னா? போலீஸ் வரும், பேப்பர்ல போடுவான், இத்தனை வருஷம் நீங்க கட்டினது ஒரே நாள்ல மண்ணாப் போகும். அந்தம்மா திரும்பி வந்துடுவாங்களா? வாயைத் திறக்காதீங்க. நான் கெஞ்சிக் கேக்குறேன்."

அண்ணி என் கன்னத்தைத் தொட்டாள். "நீ பின் சீட்ல உக்காரு மேனேஜர். எனக்குத் தனியாப் போக பயமா இருக்கு."

நாங்கள் பழகக் கூட்டிப்போகும் இடம் ஒரு பழைய தொழிற்சாலையின் காலி மைதானம். கடைசியில் உயரமான மதில். தங்கை அவள் அக்கா பழகிய அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுக்கவில்லை, பின்னால் தள்ளவில்லை. அவளுக்கு அது அளவெடுத்த மாதிரி இருந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, சாவி, கிளட்ச், கியர் என்று பழைய குரலில் சொல்லத் தொடங்கினாள். முதல் நாள்காரி கிளட்சை விட்டால் வண்டி குதிக்கும். இது குதிக்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். என் கவனமெல்லாம் அண்ணியின் காலில் இருந்தது.

வண்டி மதிலைப் பார்த்துப் போனது.

"நல்லா போறீங்க. இப்ப மெதுவா பிரேக்" என்றாள் அண்ணி.

வேகம் குறையவில்லை.

"பிரேக் போடும்மா."

தங்கை அசையவில்லை. கண்ணையும் மூடவில்லை. மதில் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் "அய்யோ" என்று முன் சீட்டைப் பிடித்தேன். அண்ணியின் கால் பிரேக்குக்குப் போனது. வண்டி மதிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, எஞ்சின் அணைந்தது.

தங்கை மதிலையே பார்த்துக்கொண்டு கேட்டாள், "நான்தானே மேடம் நிறுத்தினேன்?"

நான் பின்னாலிருந்து அண்ணியின் தோளைக் கிள்ளினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் வண்டிகள், ஆபீஸ், என் நாற்காலி, எல்லாம் தப்பித்தன. இத்தனை வருஷமாகச் சொன்ன வார்த்தைதானே, இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லித் தொலையுங்கள் அண்ணி!

"இல்ல" என்றாள் அண்ணி. "நான் நிறுத்தினேன்."

"எங்க அக்காவுக்கு?"

"உங்க அக்காவுக்கும் நான்தான்."

"எத்தனை தடவை?"

"அவசரம்னு வந்த ஒவ்வொரு தடவையும். டெஸ்ட் அன்னிக்கும்." அண்ணியின் குரல் உடைந்தது. "அவங்களே நிறுத்தினதாச் சொன்னேன். அவங்க நம்பினாங்க. என் வாயாலதான் அவங்க செத்தாங்கம்மா. நீங்க என்ன செஞ்சாலும் சரி."

 தங்கை மெல்லக் கேட்டாள். "அவளுக்கு இது தெரியாதா? கடைசி வரைக்கும்?"

"தெரியாது. தைரியமாத்தான் போனாங்க. அதை மட்டும் என்னால உறுதியாச் சொல்ல முடியும்."

தங்கை தலையாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் போலீசுக்குப் போகவில்லை, யாரிடமும் போகவில்லை. அது பிறகு தெரிந்தது. பள்ளியும் பிறகு திறந்தது. ஒரே ஒரு வண்டி. இப்போது அண்ணி மிதித்தால், "நான் மிதிச்சேன், நீ மிதிக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். பாதிப் பேர் மனசு உடைந்து பாதியில் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அன்றைக்கு அந்தத் தலையாட்டலோடு முடிந்திருக்க வேண்டியது. நான் இத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் அழுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் மறந்தே போயிருந்த ஒன்று ஞாபகம் வந்தது. சொன்னேன்.

"உங்க அக்காவுக்கு உங்க மேல எவ்ளோ அக்கறை தெரியுமா? லைசன்ஸ் வாங்கின பிறகு, அந்த மீட்டிங் முடிஞ்சு நாலஞ்சு நாள் இருக்கும், ஆபீசுக்கு வந்தாங்க. அண்ணி வெளிய போயிருந்தாங்க. நான் மட்டும்தான் இருந்தேன். இன்னும் பத்து நாள் கிளாஸ் தனியா எடுக்க முடியுமான்னு கேட்டாங்க. யாருக்குன்னேன். எங்க தங்கச்சிக்குன்னாங்க. 'அவ ரொம்பப் பயப்படுவா, அவசரத்துல கால் வராது, யாருக்கும் தெரியாம நல்லா சொல்லிக் கொடுக்கணும்'னாங்க. உங்களுக்காக அப்படிக் கேட்டாங்க."

தங்கை மெதுவாகப் பின்னால் திரும்பினாள்.

"எனக்கா?"

"ஆமாம்மா. உங்களுக்குத்தான்."

"எனக்கு லைசன்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு" என்றாள். "என் கால் பிரேக்குக்குப் போகலேன்னா மேடம் கால் போகுதான்னு பாக்கத்தான் இங்க வந்தேன்."

 அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடி வழியாகத்தான் என்னைப் பார்த்தாள்.

"நீ என்ன சொன்ன?"

பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "தங்கச்சியை எதுக்கு இங்க அனுப்புறீங்க, நீங்களே சொல்லிக் கொடுங்களேன்னேன். உங்களைவிட நல்லா யாரால முடியும்னு சொல்லிச் சிரிச்சேன்."

"அக்கா என்ன சொன்னா?" என்று தங்கை கேட்டாள்.

"அவங்களும் சிரிச்சாங்க. சரின்னாங்க" என்றேன்.